இரண்டு இருக்கைக் காருக்குச் சுறா எண்ணெய்

மன்னார்த் தீவில் என்னைவிட வாகனம் தெரிந்தவன் எவனாவது இருந்தால் வந்து கதைக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதின்மூன்று வயதில் மீன் லொறியில் கிளீனராக ஏறினேன். பிறகு அதே லொறிக்கு டிரைவர். பிறகு அதே லொறியின் சொந்தக்காரன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு லொறி. பேசாலையில் ஐஸ் போட்டு ஏற்றிய மீன் கொழும்புச் சந்தையில் இறங்கும்போது கண் மங்காமல் இருக்கும். என் லொறி வந்தால் தராசுக்காரர் எழுந்து நிற்பார்கள். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஒருவரும் தூக்கிவிடாமல் வந்தவனுக்குப் பெருமைப்பட உரிமை இருக்கிறது.

லொறிகளை விற்றுவிட்டேன். காரை விற்கவில்லை. இங்கிலாந்தில் செய்த கார் அது. ஊரில் ஏ ஃபோர்ட்டி என்பார்கள். வயதில் எனக்குக் கொஞ்சம்தான் இளையது. நான் அதை வாங்கும்போதே அது கிழட்டுக் கார்தான். முன்பக்கம் ஒரே நீட்டுச் சீற். கியர் கம்பி ஸ்ரேறிங்கோடு சேர்ந்து நிற்கும். திரும்பும்போது பக்கத்திலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே வந்து திசை காட்டும். ஐந்து பேருக்கென்று செய்த காரில் ஒன்பது பேரை ஏற்றி மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். அரிசிச் சாக்கும் கூடாரத் துணியும் மேலே.

சண்டைக் காலத்தில் பெற்றோல் வரவில்லை. வடக்கில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். மண்ணெண்ணெய்க்குச் சூடான எஞ்சின் ஓடும், குளிர்ந்த எஞ்சின் எழும்பாது. ஆகவே பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்திருந்து, பொனற்றைத் திறந்து காபறேற்றருக்குள் நாலு சொட்டு விடவேண்டும். அதே நேரத்தில் முன்னால் நின்று கம்பியைப் போட்டுச் சுற்றவேண்டும். இரண்டு ஆள் வேலை. நான் சுற்றுவேன், என் மனிசி சொட்டு விடுவாள். அவளுடைய கைப்பையில் செபமாலையும் அந்தப் போத்தலும் ஒன்றாகக் கிடக்கும். பூசைக்குப் போய் முழங்காலில் நின்றால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெற்றோல் மணக்கும். "உங்களைக் கட்டின நாள் தொட்டு நான் கராஜ் மணத்தோடதான் மோட்சத்துக்குப் போகவேணும்போல கிடக்கு" என்பாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது.

மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். கடைசி மகன் பல வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்கிறான். தாய் இருந்தபோது மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவான். தாய் போனபிறகு வருவது குறைந்தது. பஸ்ஸில் முதுகு நோகிறது என்றான். "ஒரு கார் வாங்கினா அடிக்கடி வருவன் அப்பா" என்றான். நானும் மாதாமாதம் கார் வாங்கிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு அறை உள்ள வீட்டில் ஓர் ஆள் எத்தனை அறையில் இருக்கலாம்? இரண்டு. அதுவும் ஒன்று குசினி.

போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் எடுத்தான். "அப்பா, தள்ளாடிச் சந்தியில நிக்கிறன். புதுக் காரில." பாலம் தாண்டி வர எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியும். கேற்றைத் திறந்துவைத்து நின்றேன். நான் கணக்குப் போட்டதில் பாதி நேரத்தில் வந்துவிட்டான்.

கூரை இல்லாத கார். இரண்டே இருக்கை. சிவப்பு. ஜப்பானில் செய்தது. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. தெருவில் படுத்திருந்த கழுதை ஒன்று எழுந்து வந்து அதற்குள் எட்டிப் பார்த்தது.

"இது முழுக்க வந்திட்டுதோ, இல்லாட்டி மிச்சம் பின்னால வருகுதோ?" என்று கேட்டேன்.

"ஏறுங்கோ அப்பா, காட்டுறன்" என்று சிரித்தான்.

அதில் ஏறமுடியாது. இறங்கவேண்டும். என் காரில் ஆள் கதிரையில் இருப்பதுபோல நிமிர்ந்திருந்து தொப்பியும் போட்டுக்கொள்ளலாம். இதில் வள்ளத்தின் அடிப்பலகையில் சாய்ந்து கிடப்பதுபோலக் காலை நீட்டிக் கிடந்தேன். என் காரின் கதவைச் சாத்தினால் கோயில் கதவு சாத்திய சத்தம் வரும். இதன் கதவுக்குப் பிஸ்கற் ரின் மூடியின் சத்தம்தான்.

பெரிய பாலத்துக்கு விட்டான். எனக்குத் தெரிந்த பாலம்தானா என்று ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. சோளகத்தில் அந்தப் பாலத்தில் என் காரை ஓட்டுவதென்றால் காற்றோடு மல்லுக்கட்டவேண்டும். ஸ்ரேறிங்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் கார் நேராகப் போகும். இதில் காற்று தலைக்கு மேலால் போய்விட்டது. என் காரில் ஸ்ரேறிங்கைத் திருப்பினால் நாலு விரல் தூரம் சும்மா ஆடும். அந்த நேரத்துக்குள் நீங்கள் மனதை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போகலாம். இவனுடைய கார் நினைத்தவுடன் திரும்பியது. எதிரே வந்த பஸ்ஸின் சில்லை நான் அண்ணாந்து பார்த்தேன். ஐம்பது வருடம் றோட்டில் கிடந்தவன் நான், ஒரு சில்லை அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

நல்ல கார். பொறாமையில்லாமல் சொல்கிறேன். பிறேக் பிடித்தால் ஆணி அடித்ததுபோல நின்றது. கியர், வெண்ணெயில் கரண்டி போட்டதுபோல விழுந்தது. தள்ளாடியில் திருப்பி நிறுத்தினான். இறங்கிச் சுற்றிப் பார்த்தேன்.

"ஸ்பெயார் சில்லு எங்க தம்பி?"

"இல்லை அப்பா."

"பஞ்சர் ஆனா?"

"ஒரு போத்தல் இருக்கு. நுரையை ரயருக்குள்ள அடிச்சா ஓடும்."

"அதுக்கும் சரிவராட்டி?"

"போன் எடுத்தா ஆரும் வருவினம்."

"ஆர்?"

"தெரியாது. ஆரோ." அவன் பொனற்றைத் தடவினான். "பாரத்தைக் குறைக்கிறதுதான் அப்பா இதின்ர வித்தை. தேவையில்லாத ஒண்டும் வைக்கேல்லை."

"பின்சீற்றும் தேவையில்லாத சாமானோ?"

"தனிய ஓடுறதுக்கெண்டு செய்த கார்" என்றான்.

பின்னேரம் நான் என் காரை எடுத்தேன். கிழமைக்கு ஒருமுறை பற்றறி சாகாமலிருக்கத் தள்ளாடி வரை ஓட்டித் திரும்புவேன். அன்றைக்கு ஆள் இருந்தது. அவன் பழக்கத்தில் பின்கதவைத் திறந்துவிட்டான். பிறகு சாத்திவிட்டு முன்னால் வந்து தாயின் இடத்தில் இருந்தான்.

நான் விளக்கிக்கொண்டு வந்தேன். என் காரின் டிக்கிக்குள் காரைத் தூக்க இரண்டு ஜக், கயிறு, தண்ணீர்க் கான், மணலில் புதைந்தால் சில்லுக்குக் கீழே போடச் சாக்கு, நட்டுக் கழற்ற நாலு அளவுச் சாவி எல்லாம் உண்டு. ஆட்டோ டிரைவர்கள் கைகாட்டினார்கள். ஒன்பது பேரோடு மடுவுக்குப் போன கதையைத் தொடங்கினேன்.

"இந்தக் கதை எனக்குத் தெரியும் அப்பா. நானும் அதில இருந்தனான்."

"நீ மடியில இருந்தனீ. உன்னைக் கணக்கில எடுக்கேல்லை. உன்னோட பத்து."

"ஓம் அப்பா" என்று போனைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "இஞ்ச பாருங்கோ. உங்கட காரும் அப்பிடியொண்டும் பாரமில்லை. என்ரையைவிடக் கொஞ்சம்தான் கூட."

"ஆர் சொன்னது?"

"இன்ரநெற்றில கிடக்கு."

"இன்ரநெற் இந்தக் காரைத் தள்ளிப் பாத்ததோ?" என்றேன். மணலில் புதைந்தபோதெல்லாம் நாலு பேரல்லாமல் இந்தக் கார் அசைந்ததில்லை. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் ஒருமுறை ஏழு பேர் தள்ளினார்கள். எனக்குத் தெரியாத பாரமா?

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். அவன் தன் காரை உறைத் துணியால் மூடிக்கொண்டிருந்தான். "அடுத்த மாதம் எப்ப வருவாய்?" என்று கேட்டேன். துணியை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னான்: "பாப்பம் அப்பா. இந்த உப்புக் காத்துக்கு இதை அடிக்கடி கொண்டு வரேலாது. துருப் பிடிச்சுப்போடும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதுவா தடை? வேறு எதுவென்றாலும் நான் என்ன செய்யமுடியும்? துருவென்றால் என்னைக் கேள். இந்தத் தீவில் கதவுப் பிணைச்சல் தொடக்கம் தையல் மெசின் வரை உப்புத் தின்கிறது. என் கார் நிற்கிறதே, எப்படி? கழிவு ஒயிலும் சுறா எண்ணெயும் கலந்து அடியில் பூசுவேன். வள்ளக்காரர் மரத்துக்குப் பூசுவதை நான் இரும்புக்குப் பூசினேன். சண்டைக் காலத்தில் பிள்ளைகளோடு படகேறி இந்தியாவுக்குப் போகுமுன் இந்தக் காரை அடம்பனில் தெரிந்தவரின் மாட்டுக் கொட்டிலுக்குள் விட்டு, அடியிலும் மேலிலும் சுறா எண்ணெய் பூசிக் கிடுகால் மூடிவிட்டுத்தான் போனேன். அங்கே அகதி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்துவிட்டுத் திரும்பினோம். சில்லுகளைக் கழற்றியிருந்தார்கள். சீற்றில் கோழி முட்டையிட்டிருந்தது. துரு? கடுகளவு துருவும் இல்லை. இதை மன்னாரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மகன் மத்தியானம் படுத்திருந்தபோது பேசாலைக்குப் போனேன். எனக்கு வழமையாக எண்ணெய் தருகிற மீன்காரர் வலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி, லொறியெல்லாத்தையும் வித்துப்போட்டு இப்ப வள்ளம் கட்டப் போறியளோ?"

"காருக்கு. ரெண்டு போத்தல் தாரும்."

"உங்கட கிழவிக்குப் போன மாசம்தானே பூசினீங்கள்? அவளுக்குப் பூசின எண்ணெய்க்கு இந்தத் துறையில இருக்கிற சுறாவெல்லாம் முடிஞ்சுது."

"அதுக்கில்லை. மகன்ர காருக்கு."

"மகன் வந்திருக்கிறாரோ?" என்று அவர் நிமிர்ந்தார். "எத்தினை நாளைக்கு?"

"நாளைக்குப் போறார். இனி மாதாமாதம் வருவார்" என்றேன்.

ஞாயிறு காலை அவன் முதல் பூசைக்கு நடந்து போனான். எனக்கு முழங்கால் நோகிறது என்று சொல்லி நின்றுவிட்டேன். பொய். லொறிக் காலத்தில் வெட்டிய குழி முற்றத்தில் இருக்கிறது. சீமெந்துத் தரை, நடுவில் ஆள் இறங்கி நின்று வாகனத்தின் அடியில் வேலை செய்கிற குழி. அதன் மேல் என் கார் நின்றது. எடுத்து ஓட்டினால் சத்தத்துக்கு அயல் எழும்பும், ஆகவே கியரை நியூட்றலில் விட்டுத் தோளைக் கொடுத்துப் பார்த்தேன். அசையாது என்றுதான் கொடுத்தேன்.

அசைந்தது. எழுபத்தாறு வயதில், தனி ஆளாக, அந்தக் காரைப் பத்தடி தள்ளி வேம்புக்குக் கீழே விட்டேன்.

கொஞ்ச நேரம் பொனற்றில் சாய்ந்து நின்றேன். இத்தனை வருடத்தில் அதை வெறுமையாகத் தள்ளிப் பார்த்ததே இல்லை. தள்ளவேண்டி வந்தபோதெல்லாம் உள்ளே மனிசி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், அவளுடைய தாய் இருந்தார், சாமான் இருந்தது. ஒருவரும் இறங்கமாட்டார்கள், இறங்கினால் செருப்புக்குள் மணல் போய்விடும் என்பார்கள். நான் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தள்ளுவேன். பாரமான கார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அந்தப் பாரத்தைத்தான். இன்ரநெற் சொன்னது சரி.

பிறகு மகனின் காரைத் தள்ளினேன். சாவி மேசையில் இருந்தது. அது தொட்டவுடன் உருண்டது. குழிக்கு மேல் நிறுத்திக் கீழே இறங்கினேன்.

அடியைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் காரின் அடியில் நின்றால் எஞ்சின் எது, கியர்ப் பெட்டி எது, சைலன்சர் எது என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இதைக் கறுப்புப் பிளாஸ்ரிக் தகடு முழுக்க மூடியிருந்தது. இரும்பைக் காணவில்லை. இரும்பு உள்ளேதான் இருக்கும், அங்கேதான் துருவும் பிடிக்கும் என்று நினைத்தேன். லொறியின் அடிக்கு டீசல் அடிக்கிற துப்பாக்கியில் எண்ணெயை நிரப்பி, தகட்டு இடுக்குகளுக்குள் ஒவ்வொன்றாக அடித்தேன். மிச்சம் வைக்கவில்லை. அவன் வருமுன் காரைப் பழைய இடத்தில் விட்டு, சவர்க்காரம் போட்டுக் குளித்து, தோசை வார்த்து வைத்தேன்.

தோசை சாப்பிடும்போது அவனே சொன்னான்: "போறதுக்கு முன்னம் தலைமன்னார் வரைக்கும் ஒரு ஓட்டம் போவமா அப்பா?" அந்தத் தோசை இறங்கியதுபோல எனக்கு ஒரு தோசையும் இறங்கவில்லை.

மின்சாரக் காற்றாடிகள் தெரிகிற இடம் வரைக்கும் ஒன்றும் இல்லை. பிறகு மணக்கத் தொடங்கியது. கருவாட்டுக் கொட்டில் பக்கம் என்று நினைத்துக் கொஞ்சம் வேகமாக ஓட்டினான். கொட்டில் முடிந்தும் மணம் முடியவில்லை. பேசாலைக்குக் கிட்டப் பொனற்றுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை வந்தது. நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினான். நானும் இறங்கினேன், எனக்கு அதிலிருந்து எழும்ப நேரம் எடுக்கும். புகை போகிற சூட்டுக் குழாய் அந்தத் தகட்டுக்குள் எங்கே ஓடுகிறதென்று நான் பார்த்திருக்கவேண்டும். கிளீனர் வேலை பழகிய முதல் கிழமையில் படிக்கிற பாடம் அது. ஒயில் அடிக்குமுன் குழாயைப் பார். நான் பார்க்கவில்லை.

"தீப் பிடிக்காது தம்பி. அது எரிஞ்சு போயிடும்" என்றேன்.

"எது எரிஞ்சு போயிடும்?"

சொன்னேன்.

"சுறா எண்ணெயோ? இதுக்கோ?" அவன் இரண்டு கையையும் தலையில் வைத்தான். "அப்பா, இது அலுமினியமும் பிளாஸ்ரிக்கும்! துருப் பிடிக்க இதில என்ன கிடக்கு?"

"நீதானே சொன்னனீ, உப்புக் காத்துக்குக் கொண்டுவரேலாதெண்டு. இப்ப கொண்டு வரலாம். மாதாமாதம் நான் பூசிவிடுவன். குழாயில படாமப் பூசலாம், அது என்ர பொறுப்பு."

அவன் புகைப் பக்கம் திரும்பினான். நான் வாகனக்காரன், ஓடுகிற எஞ்சின் எப்போது நிற்கப் போகிறதென்று சத்தத்தில் எனக்குத் தெரியும். என் முகத்தைப் பாராமல் புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. அகப்பட்டுக்கொண்ட முகமாக இருந்தது. சின்ன வயதில் வயிற்றுக்குத்து என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும்போது, நான் மருந்தைக் கொண்டுவந்து நீட்டினால் அந்த முகம் வரும்.

"சரி அப்பா" என்றான். "நல்லதுதான்."

தலைமன்னாருக்குப் போகவில்லை. கழுவவேண்டும், கொழும்பில் அடுக்குமாடிக்குக் கீழே விடுகிற கார், ஆட்கள் கதைப்பார்கள் என்று சொல்லி என்னைக் கேற்றில் இறக்கிவிட்டான். பின்னேரம் போவதாக இருந்தவன் பத்தரைக்கே போனான். கேற்றடியில் அந்த மணம் மத்தியானம் வரைக்கும் நின்றது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் போன் எடுத்தான். முதல் மாதம் வேலை கூட என்றான். அடுத்த மாதம் ஆரோ நண்பனுக்குக் கலியாணம். அதற்கடுத்த மாதம் நானே கேட்டேன்.

"கார் எப்பிடி?"

"நல்லாயிருக்கு. மணமும் போயிட்டுது."

"துரு?"

"இல்லை அப்பா. ஒரு பொட்டுத் துருவும் இல்லை."

"அப்ப வாவன்."

போனில் அவன் மூச்சு விடுவது கேட்டது. வராமலிருக்க ஒரு சாட்டுத் தேடுகிறான் என்று தெரிந்தது. நான் அவனுக்கு இருந்த ஒன்றையும் எண்ணெய் பூசி அழித்துவிட்டேன். தாய் இல்லாத வீட்டுக்கு வந்து, தாய் இருந்த கதிரைக்கு எதிரே இருந்து, ஒன்பது பேர் போன கதையை இன்னொருமுறை கேட்கவேண்டும். நான் கதை நிறுத்தாதவன். அவள் இருக்கும்போது, "காணும், பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ" என்பாள். இப்போது சொல்ல ஆளில்லை. இவ்வளவு நான் யோசிப்பதற்கு அந்த மூச்சு போதுமாக இருந்தது.

"இல்லை, நில்லு" என்றேன். "இப்ப கொண்டுவராதை. பாலத்துக்கு இஞ்சால றோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறாங்கள். உன்ர கார் தாழ்வு, அடி கல்லில இடிக்கும். நான் பாத்தனான்."

றோட்டு கண்ணாடிபோலக் கிடந்தது. அன்று காலையும் அதில் போய் வந்தேன்.

"ஓமோ அப்பா? எவ்வளவு நாளாகுமாம்?"

"கன நாளாகும்போல. முடிஞ்சா நான் சொல்லுறன்."

"அப்பச் சரி" என்றான். குரல் மாறிவிட்டது. சாப்பிட்டீங்களோ என்று கேட்டான். என்ன கறி என்று கேட்டான். முழங்கால் எப்படி, டொக்டரிடம் காட்டினீங்களோ என்று கேட்டான். தான் வேலை செய்கிற கந்தோரில் ஒருவன் செய்த பகிடியைச் சொல்லித் தானே விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பகிடி விளங்கவில்லை, நானும் சிரித்தேன். என் காரைப்பற்றி நான் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. வழமையாக நாலு நிமிடத்தில் வைத்துவிடுகிற பிள்ளை, அன்றைக்கு அரை மணித்தியாலம் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தான்.